கருங்கல் சுவரும் நூறு எம்பிபிஎஸ்ஸும்

சித்திரை மாதத்தில் ஓர் இரவு, கடைசி ஓவரில், எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் பந்துவீச்சாளர் ஓடிவந்த வாக்கிலேயே உறைந்து நின்றார். திரையின் நடுவே அந்த வட்டம் சுற்றத் தொடங்கியது. பக்கத்து வீட்டில் டிஷ் வைத்திருப்பவர்கள் போட்ட கூச்சலைக் கேட்டுத்தான் சிக்சர் போனது தெரிந்தது. அப்போது நான் 40 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 40 மெகாபிட்) வேக இணைய பிளானுக்கு மாதந்தவறாமல் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். இதைச் சரிசெய்ய எனக்கு ஏழு வாரங்கள் பிடித்தன. காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு இரண்டு முறை வீணாகப் பேருந்து ஏறினேன். எதற்கும் உதவாத பிளான் ஒன்றையும் வாங்கினேன். அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதல் தவறு என்னுடையது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசிய இளைஞர், "ஸ்மார்ட் டிவிக்கு நாற்பது பத்தாது சார், நூறுக்கு மாறிக்கொள்ளுங்கள்" என்றதும் மறுபேச்சு இல்லாமல் ஒப்புக்கொண்டேன். இணைப்பு ஓசூரில் இருக்கும் என் அண்ணன் பெயரில் இருந்ததால் ஓடிபி அவருக்குப் போயிற்று. அவர் ஷிப்டு முடிந்து வந்து எண்ணைச் சொல்ல இரவு பத்தரை ஆயிற்று. விளம்பரத்தில் போடும் விலைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி என்பதும் பில் வந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. நூறு வந்தது, வட்டம் நிற்கவில்லை.

உண்மையில் எவ்வளவு வேகம் தேவை என்பதை அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன், முன்பே போட்டிருக்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் தன் பயனர்களுக்குச் சொல்லும் அளவு 720பி படத்துக்கு 3 எம்பிபிஎஸ், 1080பி படத்துக்கு 5, அதைவிடத் துல்லியமான 4கே படத்துக்கு 15. யூடியூப் 4கே காட்சிக்கு 20 கேட்கிறது. எங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் அதிகபட்சமாக நடப்பதை எடுத்துக்கொண்டால், கூடத்துத் தொலைக்காட்சியில் 4கே படம், அம்மா கைப்பேசியில் பார்க்கும் தொடர், மகனின் இணையவழி வகுப்பு, மகள் பார்க்கும் ஏதோ ஒன்று என எல்லாம் சேர்ந்தும் முப்பதைத் தாண்டாது. ஆக, பழைய நாற்பதே போதும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்: 4கே படம் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 7 ஜிபி வரை இழுக்கும். பிளானில் மாதாந்திர டேட்டா வரம்பு இருந்தால், அது தீர்ந்த பிறகு குறையும் வேகம் எவ்வளவு என்பதைச் சிறிய எழுத்திலாவது தேடிப் படித்துவிடுங்கள்.

அப்படியானால் கோளாறு எங்கே? தொலைக்காட்சிக்கு அருகில் கைப்பேசியை வைத்து வேகத்தைச் சோதித்தேன். 3.1 காட்டியது. நூறு வாங்கிய வீட்டில் மூன்று! அதே எண்ணைச் சொல்லி மீண்டும் புகார் செய்தபோது கிடைத்த பதில்தான் என்னை உண்மையிலேயே கொதிக்க வைத்தது. "பிராட்பேண்ட் என்றால் அரசு விதிப்படி 2 எம்பிபிஎஸ்தான் சார், உங்களுக்கு அதற்கு மேலேயே வருகிறது" என்றார்கள். தொலைத்தொடர்புத் துறை 2023 ஜனவரியில் அந்த வரையறையை 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தியது உண்மைதான். ஆனால் ஓர் இணைப்பைப் பிராட்பேண்ட் என்று அழைப்பதற்கான அடிவரம்புதான் அது. நூறு என்று சொல்லிப் பணம் வாங்கியவர் இரண்டு கொடுத்தால் போதும் என்பதற்கான அனுமதி அல்ல. இதை யாராவது உங்களிடம் சொன்னால், நான் செய்ததுபோல வாயடைத்துப் போய்விடாதீர்கள்.

அடுத்து, எங்கள் மோடத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை மட்டுமே இருக்கிறது, 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள மோடம் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்ல, அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரியில் இருந்த அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண்மணி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இணைப்பு யார் பெயரில்?" என்றார். அண்ணன் பெயரில் என்றதும், அவருடைய சம்மதக் கடிதமும் ஆதார் நகலும் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார். ஒரு வாரம் கழித்து இரண்டையும் கொண்டுபோனேன். இந்த முறை ஆதார் நகலின் மேல் அண்ணனின் கையெழுத்து இல்லையாம். கடிதத்தில் இருக்கும் கையெழுத்து போதாதா என்று கேட்டேன். "நகலில் இருக்க வேண்டும் சார்" என்று அதே குரலில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இணைப்பு வீட்டில் இல்லாத ஒருவர் பெயரில் இருந்தால், கையெழுத்திட்ட நகல்கள் நான்கைந்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

இதற்கிடையில், யாரும் வீட்டுப் பக்கமே வராமல், என் புகார் "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. இங்கே ஒரு குறிப்பு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. அங்கே எழுதிக் காத்திருப்பது வீண். நிறுவனத்திடம் பெற்ற டாக்கெட் எண்ணை, அதாவது புகார்ப் பதிவு எண்ணை, வைத்து, அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத வேண்டும். அந்த முகவரியை அவர்கள் தங்கள் தளத்தில் வெளியிட்டிருப்பார்கள். டாக்கெட் எண்ணை நான் குறித்து வைத்திருந்ததுதான் இந்த ஏழு வாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். எழுதிய நான்காம் நாள் லைன்மேன் வந்துவிட்டார்.

முப்பது வயதுகூட இருக்காத அந்தத் தம்பி மோடத்தின் விளக்குகளைப் பார்த்தார். சிக்னல் அறுந்தால் எரியும் எல்ஓஎஸ் விளக்கு எரியவில்லை என்பதால் ஃபைபரில் குறை இல்லை என்றார். பிறகு தன் மடிக்கணினியை லேன் கம்பியால் மோடத்தில் செருகிச் சோதித்தார்: 97. பிறகு எழுந்துபோய், மோடம் இருந்த முன்னறைக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள சுவரை விரல் முட்டியால் தட்டினார். சத்தமே வரவில்லை.

"என்ன சுவர் சார் இது?"

"தாத்தா கட்டியது தம்பி. பர்கூர்ப் பக்கத்திலிருந்து வண்டியில் கொண்டுவந்த கருங்கல். ஒன்றரை அடி."

"இதைத் தாண்டி வைஃபை எப்படி சார் வரும்?"

எனக்குப் பேச்சே எழவில்லை. கோடையில் வீடு குளுகுளுவென்று இருக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் நாங்கள் பெருமையடித்துக்கொண்ட சுவர் அது. இரண்டு முறை பேருந்து ஏறிக் கேட்ட 5 கிகாஹெர்ட்ஸ் மோடம் கிடைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்பதையும் அவர்தான் விளக்கினார். அந்த அலைவரிசை திறந்தவெளியில் வேகமானது. சுவரைத் துளைப்பதில் 2.4-ஐவிட நோஞ்சான். கையெழுத்து இல்லாத அந்த ஆதார் நகலுக்கு அன்றுதான் மனத்துக்குள் நன்றி சொன்னேன்.

மறுநாள் எலக்ட்ரீஷியனை வைத்து, முன்னறைச் சன்னல் வழியாகக் கேட்6 வகை லேன் கம்பியை வெளியே எடுத்து, சன்ஷேடுக்கு அடியில் கிளிப் அடித்து, கூடத்து வென்டிலேட்டர் வழியாக உள்ளே இறக்கித் தொலைக்காட்சியின் பின்புறம் செருகினோம். முப்பது மீட்டர் கம்பிக்கு எண்ணூறு ரூபாய் ஆயிற்று. கடையில் அதில் பாதி விலைக்கும் ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள். அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது, முழுச் செம்பாகக் கேட்டு வாங்குங்கள். தொலைக்காட்சியின் பிரவுசரிலேயே ஃபாஸ்ட் டாட் காம் என்ற வேகச் சோதனைத் தளத்தைத் திறந்து பார்த்தேன். 94 காட்டியது. பெரும்பாலான தொலைக்காட்சிகளைப் போல எங்களுடையதிலும் லேன் துளை நூறு எம்பிபிஎஸ் வகைதான். இருநூறு, முந்நூறு என்று பிளான் வாங்கினாலும் அந்தக் கம்பி வழியே அதற்கு மேல் ஏறாது.

அன்று இரவு 4கே படம் ஒன்று முடியும்வரை வட்டம் எட்டிப்பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக் கூச்சல் மட்டும் இன்றும் எங்கள் சிக்சருக்கு முன்பே வந்துவிடுகிறது. நேரலை ஸ்ட்ரீமிங் எப்போதும் சில விநாடிகள் பின்தங்கித்தான் வரும். அதற்குப் பிளானை மாற்றிப் பயனில்லை.

நூறிலிருந்து நாற்பதுக்கு இறங்க, நடப்பு பில் மாதம் முடியவேண்டும் என்றார்கள். ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கே கோரிக்கையைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். அடுத்த நிமிடம் ஓசூரிலிருந்து அண்ணன் தூக்கக் கலக்கத்தில் கூப்பிட்டு, "மறுபடியும் ஓடிபி வந்திருக்குதேப்பா, இப்ப என்னத்த வாங்கித் தொலைச்ச?" என்றார்.