பாலத்தில் நின்று கவிதை சொல்லும் ஊர்

மைக் செட் தொழிலில் இருக்கிறவனுக்குக் கவிதை முதலில் சத்தமாகத்தான் வரும், அர்த்தம் அப்புறம்தான். விசேஷம் இல்லாத ராத்திரிகளில் வெளிநாட்டுக் கவிதைத் திருவிழா வீடியோக்களை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்பேன். கொஞ்ச காலமாக இத்தாலிக் கவிஞர்கள்தான் காதில் இருக்கிறார்கள்.

ஆரம்பித்து வைத்தவர் மரியாஞ்சலா குவால்த்தியேரி. செசேனா ஊர்க்காரர், 1951இல் பிறந்தவர். 1983இல் சேசரே ரோன்கோனியோடு சேர்ந்து வால்தோகா என்ற நாடகக் குழுவைத் தொடங்கியவர். கவிதையை மனப்பாடமாகச் சொல்வார். அந்த நிகழ்ச்சிக்கு அவர் வைத்திருக்கும் பெயரே ஒலிச் சடங்கு என்பதுதான். மைக் இருக்கும்போது கத்த வேண்டியதில்லை என்று தெரிந்த குரல் அது. நம்ம மேடைகளில் அப்படி ஒரு குரல் கிடைத்தால் நான் எக்கோவைத் தொடவே மாட்டேன்.

இன்னொன்றும் கவனித்தேன். ஆங்கிலக் கவிஞர்கள் 'ப' சொல்லும்போது மூச்சு மைக்கில் மோதி வெடிக்கும். பஞ்சு உறை போட்டாலும் முழுசாகப் போகாது. இத்தாலியில் ப, த, க மூன்றும் நம்முடையவை மாதிரி மூச்சைத் தள்ளாமல் வரும். பெரும்பாலான சொற்கள் உயிரெழுத்தில் முடியும். நம்ம 'முத்து', 'பட்டு' மாதிரி இரட்டித்து அழுத்துவதும் அங்கே உண்டு. 1680இல் வட இத்தாலியில் பிறந்து மதுரை மிஷனுக்கு வந்த வீரமாமுனிவர் தேம்பாவணி பாடினாரே, அந்தக் காதுக்கு நம் வல்லினம் ரொம்ப அந்நியமாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இவர்களைத் தேடிப் போன வழியில்தான் ஸ்ட்ருகா பற்றித் தெரிந்தது. வடக்கு மக்கதோனியாவில், ஓக்ரிட் ஏரியிலிருந்து டிரிம் ஆறு புறப்படுகிற இடத்தில் இருக்கும் சின்ன ஊர். 1960களில் இருந்து அங்கே கவிதைத் திருவிழா நடக்கிறது. அவர்கள் தரும் தங்க மாலை விருது 1973இல் இத்தாலியின் மொந்தாலேவுக்குப் போனது. நோபல் அவருக்கு 1975இல்தான் வந்தது. 1983இல் நம் நாட்டு இந்திக் கவிஞர் அக்ஞேயாவுக்கு, 2000இல் இன்னொரு இத்தாலியரான சங்குவினேத்திக்கு. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது விருது இல்லை. ஆற்றுப் பாலத்தின் மேல் கவிஞர்கள் நின்று சொல்ல, இரண்டு கரையிலும் ஜனம் நின்று கேட்கிறது.

மதுரையில் நமக்கு வைகை மேல் ஏ.வி. பாலம் இருக்கிறது, 1889இல் கட்டி முடித்தது. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்குக் கரையில் நிற்கிற கூட்டத்துக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதே இல்லை. அதே ஊரில் ஒரு விழாவில், கவிஞர் பாதி கவிதையில் இருக்கும்போது, முக்கியஸ்தர் வந்துவிட்டார், மைக்கை வாங்கு என்று என்னிடம் சைகை காட்டினார்கள். நான் வாங்கவில்லை. கவிதை முடிந்த பிறகுதான் பொன்னாடையும் வரவேற்பும். அந்த ஒழுங்கு எந்தக் கவியரங்கத்துக்கும் வேண்டும்.

ஏ.வி. பாலத்திலும் அப்படி ஒரு கவிதை விழா வைத்து, இத்தாலிக் கவிஞர் அந்தோனெல்லா அனெத்தாவை அழைக்க வேண்டும் என்பது என் ஆசை. 1955இல் ரோமில் பிறந்தவர், குடும்பம் சர்தீனியத் தீவைச் சேர்ந்தது. இத்தாலியோடு சர்தீனிய மொழியிலும் எழுதுகிறார். இரண்டிலும் அவர் முதலில் சொல்லட்டும், தமிழ் மொழிபெயர்ப்பு பின்னாலேயே வரட்டும்.

கோரிப்பாளையம் பக்கம் வரும் பஸ்களை ஒரு சாயங்காலம் திருப்பிவிட்டால் போதும். கூம்புக் குழாய் ஒன்றுகூட வேண்டாம், அது குரலைத் தகரமாக்கிவிடும். சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். பாலத்தில் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கிச் சத்தமாக வைத்தால், எதிரொலி தாமதமாக வந்து தூரத்தில் நிற்பவருக்கு வரிமேல் வரி ஏறிக் குழம்பும். இரண்டு கரையிலும் சின்னப் பெட்டிகளை இடைவெளி விட்டு வரிசையாக வைத்து, குறைந்த சத்தத்தில், தள்ளித் தள்ளி இருக்கும் பெட்டிக்குக் கொஞ்சம் தாமதம் கொடுத்து ஓட்ட வேண்டும். ஜெனரேட்டர் யானைக்கல் பக்கம் நிற்கட்டும், கேபிள் நான் இழுத்துக்கொள்கிறேன். யார் நடத்தினாலும் செட்டுக்கு வாடகை வேண்டாம், டீசலும் பையன்கள் சம்பளமும் கொடுத்தால் போதும்.