ஜன்னலுக்கு மேலே ஒரு இட்லி அளவு ஓட்டை

போன செப்டம்பரில் லண்டன் கிராய்டனில் எங்கள் வீட்டுக்கு ஜன்னல் மாற்றினோம். 1930களில் கட்டிய வீடு. பொருத்த வந்தவர் புது ஜன்னல் சட்டத்தின் மேல்விளிம்பில் இரண்டு நீளக் கீற்றுகளைக் காட்டி, அவற்றின் மேல் பிளாஸ்டிக் மூடியை முடுக்கினார். டிரிக்கிள் வென்ட்டாம், ஜன்னலை மூடினாலும் கொஞ்சம் காற்று வந்துபோகும் வழி. குளிரை அடைக்கத்தானே இத்தனை பவுண்டு செலவு, அப்புறம் எதற்கு ஓட்டை என்று கேட்டேன். "2022 ஜூனிலிருந்து இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போய்விட்டார்.

அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். இங்கிலாந்தின் கட்டட விதிகளில் காற்றோட்டத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது, பார்ட் எஃப். பழைய வீடு ஜன்னல் இடுக்கிலும் புகைபோக்கியிலும் தானாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். புது ஜன்னல் இடுக்குகளை அடைத்துவிடுவதால், முன்பிருந்ததைவிடக் காற்றோட்டம் குறையக்கூடாது என்கிறது விதி. அதற்கு அது காட்டும் ஒரு வழிதான் இந்தக் கீற்று. படுக்கையறை, ஹால், சமையலறை ஒவ்வொன்றுக்கும் 8000 சதுர மில்லிமீட்டர், குளியலறைக்கு 4000. 8000 என்றதும் மலைத்தேன். கணக்குப் போட்டால் ஒரு பெரிய இட்லி அளவுதான்.

நவம்பரில் அம்மா வந்தார். நாலாம் நாள் காலையில் பார்த்தால் அவர் அறைக் கீற்றுகள் மேல் பார்சல் ஒட்டும் பழுப்பு டேப், இரண்டு அடுக்கு. "ராத்திரி பூரா நெத்தியிலயே சில்லுனு அடிக்குதுடா. காசு குடுத்து யாராவது ஓட்டை வாங்குவாங்களா?" பதில் சொல்லத் தெரியவில்லை. நானும் அதைத்தானே கேட்டேன்.

மூன்று வாரத்தில் அந்த அறையின் ஜன்னல் காலையில் உள்பக்கம் வியர்த்து வழிய ஆரம்பித்தது. மழையில் துணி வெளியே காயாது, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல்தான் போடுவோம். அலமாரியை நகர்த்தினால் பின்சுவரில் கடுகு தாளித்துத் தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள். பூசணத்தை நான் சுவரின் அழகுக் கேடு என்றுதான் நினைத்திருந்தேன். 2020இல் ராச்டேலில் பூசணம் பிடித்த வீட்டில் வாழ்ந்த அவாப் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்து, அவன் பெயரிலேயே சமூக வாடகை வீடுகளுக்கு, அதாவது உள்ளாட்சி போன்ற அமைப்புகள் குறைந்த வாடகைக்கு விடும் வீடுகளுக்கு, ஒரு சட்டம் வந்து, 2025 அக்டோபரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் டேப்பைப் பிய்த்தார். பசை இன்னும் போகவில்லை. கட்டிலைத்தான் எதிர்ச்சுவருக்கு மாற்றிப் போட்டோம்.

சரி, தப்பு டேப்பில் மட்டும் இல்லை. குளியலறை மின்விசிறி நொடிக்கு 15 லிட்டர் காற்றை வெளியேற்ற வேண்டும். எங்களுடையது சத்தம் மட்டும் ஜோராகப் போடும். ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்துப் பார்த்தேன், ஒட்டாமல் விழுந்தது. பரணில் ஏறிப் பார்த்தால் அதன் குழாய் வெளியே போகவே இல்லை. பரணிலேயே வாய் திறந்து கிடந்தது, வளைவில் தண்ணீர் தேங்கி. எங்களுக்கு முன்பு இருந்தவர்களின் கைவேலை. வருஷக்கணக்காகக் குளியல் ஆவியைத் தலைக்கு மேலே சேமித்து வைத்திருக்கிறோம்!

சமையலறை இன்னும் மோசம். அடுப்புக்கு மேலே இருக்கும் ஹூட் கரி வடிகட்டி வழியாகக் காற்றை இழுத்து, மறுபடி உள்ளேயே விடும் வகை. தாளிப்பு வாசம் கொஞ்சம் குறையும், ஆவி அப்படியே இருக்கும். வெளியே தள்ளும் ஹூட் என்றால் நொடிக்கு 30 லிட்டர் போதும், இல்லாவிட்டால் தனி விசிறி 60 லிட்டர் இழுக்க வேண்டும் என்கிறது விதி. நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமை இட்லிப் பானையை நினைத்தால் அந்த 60கூடப் பெரிதாகத் தோன்றவில்லை.

சுவரில் துளை போட ஆள் சொல்லியாயிற்று, மார்ச்சில்தான் வருவாராம். அதுவரை இட்லி அவிக்கும்போது கொல்லைக் கதவு திறந்திருக்கும். அம்மா புடவைக்கு மேல் என் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டுதான் மாவு ஊற்றுகிறார்.