நோட்டும் கையுமாக அங்கன்வாடியில்

ஜூலை 7, திங்கள்

அஞ்சல்வழியில் படிக்கும் எம்.எஸ்சி. உளவியலுக்கு ஒரு செய்முறை வேலை. பாடப்புத்தகம் ‘உற்றுநோக்கல் முறை’ என்கிறது. அம்மாவோ ‘வேடிக்கை பார்க்கிறதுக்கு ஒரு பட்டமா’ என்கிறாள். ஓர் அங்கன்வாடியில் அனுமதி கிடைத்தது. பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவதிலேயே போன வாரம் போய்விட்டது. பெயர் எழுதக் கூடாது, பிள்ளைகளுக்கு வெறும் எண்தான்.

இன்று உருப்படியாக ஒரு வரி எழுதவில்லை. உட்கார்ந்ததும் மொத்தக் கூட்டமும் என்னைச் சுற்றிக்கொண்டது. “அக்கா, என்ன எழுதுற?” “என் பேரை எழுது.” ஒருவன் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். டீச்சர் வேறு பீரோ மேலிருந்த பொம்மைப் பெட்டியை இறக்கி, துடைத்து, நடுவில் வைத்தார். அதன் மேலிருந்த தூசியைப் பார்த்தால் இறங்கிப் பல மாதம் இருக்கும். நான் பார்க்க வந்தது இங்கே தினமும் நடப்பதை. நான் வந்ததால் இன்று அது நடக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

அதே கதை. பேனா மட்டும் பத்திரம்.

ஜூலை 10, வியாழன்

பிள்ளைகளுக்கு நான் சலித்துவிட்டேன். எவ்வளவு நிம்மதி! பொம்மைப் பெட்டியும் பீரோ மேலே ஏறிவிட்டது.

மில்ட்ரெட் பார்ட்டன் அமெரிக்காவில் மழலையர் பள்ளிக் குழந்தைகளைக் கவனித்து 1932இல் வெளியிட்ட முறையைத்தான் பின்பற்றுகிறேன். ஒரு குழந்தையை ஒரு நிமிடம் பார், என்ன வகை என்று குறி, அடுத்த குழந்தைக்குப் போ. சும்மா இருப்பது, தனியாக விளையாடுவது, மற்றவர் ஆட்டத்தை வேடிக்கை பார்ப்பது, பக்கத்துப் பக்கத்தில் அவரவர் ஆட்டம் ஆடுவது, கலந்து ஆடுவது, கூட்டாக ஒரே ஆட்டம் ஆடுவது என ஆறு வகை.

10 மணிக்கு இரண்டு பையன்கள் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாட்டில் மூடியில் மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. ஒருவன் எழுந்து போனான். அரை நிமிடத்தில் மற்றவனும் மூடியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய் அதே மாதிரி ஒட்டி உட்கார்ந்தான். இதை எந்தக் கேள்வித்தாளில் பிடிப்பது? மூன்று வயசுப் பிள்ளையிடம் கேட்க முடியாது. அவன் அம்மாவிடம் கேட்டால் “எல்லாரோடயும் நல்லா விளையாடுவான்” என்பார். இந்த ஒரு காட்சிக்காகவே இந்த முறை எனக்குப் பிடித்துப்போனது.

7ஆம் எண், ஒரு சிறுமி. 10 முதல் 10:30 வரை வராந்தா தூணோரம் நின்றபடியே இருந்தாள். ‘வேடிக்கை பார்ப்பது’ என்று குறித்தேன். ஓரத்தில் ‘கூச்ச சுபாவம், ஒதுங்குகிறாள்’ என்றும் எழுதினேன்.

ஜூலை 11, வெள்ளி

7ஆம் எண் மறுபடி தூணோரம். அதே குறிப்பு.

ராத்திரி டேவிட் ரோசன்ஹான் 1973இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையைப் படித்தேன். மனநலம் உள்ள எட்டுப் பேர், காதில் குரல் கேட்கிறது என்று பொய் சொல்லி 12 மனநல மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். சேர்ந்ததும் இயல்பாக நடந்துகொண்டார்கள். பொய்யைக் கண்டுபிடித்தது ஊழியர்கள் இல்லை, சில நோயாளிகள்தான். ஒருவர் குறிப்பெடுப்பதைப் பார்த்த செவிலியர், எழுதும் பழக்கத்தையே நோய்க்குறி மாதிரி பதிவேட்டில் ஏற்றினாராம். கவனிக்கப் போனவரை இன்னொருவர் கவனித்துத் தப்பாக எழுதுகிறார்!

ஆனால் இதையும் அப்படியே நம்ப முடியவில்லை. பத்திரிகையாளர் சூசன்னா கஹலன் பழைய ஆவணங்களைத் தோண்டி 2019இல் எழுதியதன்படி, ரோசன்ஹான் தானே நோயாளியாகப் போனபோது கட்டுரையில் சொன்னதைவிடக் கூடுதலான அறிகுறிகளைச் சொல்லியிருக்கிறார். ரகசியமாகக் கவனித்தால் பிறர் மாறி நடக்க மாட்டார்கள், சரி. கவனித்தவர் எழுதியதை யார் சரிபார்ப்பது?

ஜூலை 14, திங்கள்

அதற்காகத்தான் இன்று தோழியையும் அழைத்துப் போனேன். இருவரும் தனித்தனி நோட்டில், அதே பிள்ளைகளை, அதே நிமிடங்களில் குறித்தோம். சுலபமாக இருக்கட்டும் என்று ‘தனியாக’, ‘சேர்ந்து’ என்று இரண்டே வகை. 60 கட்டங்களில் 51 ஒத்துப்போயின. 85 சதவீதம்! வரும் வழியில் இரண்டு பேரும் ஐஸ் சாப்பிட்டோம்.

வீட்டில் கணக்குப் போட்டதும் குளிர் போய்விட்டது. நான் ‘சேர்ந்து’ என்று போட்டது 45, அவள் 48. கண்ணை மூடிக்கொண்டு இதே விகிதத்தில் டிக் அடித்திருந்தாலும் 65 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். ஜேக்கப் கோஹன் 1960இல் தந்த காப்பா கணக்கு இந்தக் குருட்டு அதிர்ஷ்டத்தைக் கழித்துவிடும். கழித்தால் எங்களுக்கு 0.57. சுமார்தான். பெரும்பாலும் சண்டை அந்த முதுகொட்டிப் பையன்கள் மேல். எனக்கு அது தனி, அவளுக்குச் சேர்த்தி. வகையைத் தெளிவாக வரையறுக்காதது என் தப்பு.

தோழி இன்னொன்று கேட்டாள்: “பெட்டி இறங்கின நாள்ல பிள்ளைங்க சண்டை அதிகம்னியே, பொம்மையாலயா?” இருக்கலாம். ஆனால் அதே நாட்களில்தான் நானும் புது ஆள். பெட்டியை நானே ஒரு நாள் இறக்கி, ஒரு நாள் ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். அது சோதனை; உற்றுநோக்கல் இல்லை.

ஜூலை 16, புதன்

காலையில் பேருந்து கிடைக்கவில்லை. 12:30க்குத்தான் போனேன். 7ஆம் எண் நாலு பேரை வரிசையில் உட்காரவைத்து, குச்சியும் கையுமாக டீச்சர் விளையாட்டு நடத்திக்கொண்டிருந்தாள். தொண்டை என்ன தொண்டை!

ஆயாம்மாவிடம், “இவ காலையில ஏன் தூணோரமா தனியா நிக்கிறா?” என்று கேட்டேன்.

“நாந்தேன் தாயி நிக்கச் சொன்னேன். அந்நேரந்தேன் ஆட்டை ஓட்டிட்டுப் போவாக. கீரைப் பாத்திய மேஞ்சுபுடும்ல. வேற எதுகளும் சொன்னா நிக்காதுக, இவதேன் நிப்பா.”

கூச்ச சுபாவமாம்.

ஜூலை 17, வியாழன்

டார்வின் தன் மகனைப் பற்றி எடுத்த குறிப்புகளை 37 வருஷம் கழித்து, 1877இல், ‘மைண்ட்’ இதழில் வெளியிட்டார். எட்டாம் நாள் குழந்தை அழுவதற்கு முன் முகம் சுளித்ததை எழுதிவிட்டு, இது கோபமாக இல்லாமல் வலியாகவோ வேதனையாகவோ இருக்கலாம் என்று பக்கத்திலேயே சேர்க்கிறார். ஒரே குழந்தை, கவனித்தவர் அப்பா. எல்லாக் குழந்தைக்கும் பொருத்த முடியாதுதான். ஆனாலும் அப்படி ஒரு சந்தேகத்தைச் சேர்த்து எழுத எனக்குத் தோன்றவில்லையே.

நோட்டில் நடுவே கோடு கிழித்திருக்கிறேன். இடப்பக்கம் கண்டது, வலப்பக்கம் நினைத்தது. கவனிக்கும் நேரத்தையும் காலை, மதியம், கிளம்பும் நேரம் என்று சீட்டுக் குலுக்கி எடுத்தேன். இன்று காலைதான் விழுந்தது.

10:20க்கு ஆடு வந்தது. நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். 7ஆம் எண் கத்தியபிறகுதான் நிமிர்ந்தேன்.