ஐந்தாவது மணிக்கூண்டு நின்றுவிட்டது

நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவழியாக என் அட்டை மாதிரியின் மணிக்கூண்டு கோணாமல் நின்றது. முந்தைய நாலும் குப்பைக்கூடையில். எந்தக் கட்டடம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்: அமெரிக்காவின் டெக்சஸில் டல்லாஸுக்குத் தெற்கே வாக்ஸஹாச்சி என்ற ஊரில் இருக்கும் எல்லிஸ் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) நீதிமன்றம். ஜேம்ஸ் ரைலி கார்டன் வடிவமைத்தது, 1895 ஜூலை 4-ஆம் தேதி அடிக்கல் போட்டு 1897-ல் முடித்தார்கள். அப்போது சுற்றிலும் பருத்திக்காடு, பணமும் பருத்திப் பணம்தான். அந்தச் சின்ன ஊருக்கு ஒன்பது மாடி உயரத்தில் மணிக்கூண்டு கேட்டிருக்கிறது பாருங்கள்!

அட்டையில் செய்கிறவனுக்கு உயரம் ஒரு பிரச்சினையே இல்லை. என் மாதிரியில் கூண்டு ஒரு சாண்தான். உயிரை வாங்கியது கல்லின் நிறம். சாம்பல் கிரானைட், இளஞ்சிவப்பு கிரானைட், இடையிடையே சிவப்பு மணற்கல் பட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கியிருக்கிறார்கள், அந்தப் பட்டை மூலை திரும்பும்போது பக்கத்துச் சுவரின் பட்டையோடு நூல் பிடித்த மாதிரி சேர வேண்டும். எனக்கு அடியில் சேரும், மேலே போகப் போக அரை மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். அரை மில்லிமீட்டர்தானே என்பவர்கள் சிவப்புப் பட்டையை மூலையில் ஒட்டிப் பார்த்துவிட்டு வந்து பேசவும்.

முதலில் பிரிண்டரைத் திட்டினேன், அப்புறம் ஸ்கேலை, மூன்றாவது தடவை என் கண்ணையே சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி அட்டையின் நார், அதாவது அட்டைக்குள் இழைகள் ஓடும் திசை. தாளை மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டு சுவரை நீளவாக்கிலும் இரண்டைக் குறுக்கிலும் வெட்டியிருந்தேன். தண்ணீர் கலந்த பசை பட்டதும் அட்டை நாருக்குக் குறுக்கேதான் அதிகம் உப்பும், நார் ஓடும் திசையில் அவ்வளவு நீளாது. ஆக இரண்டு சுவர் உயரத்தில் வளர்ந்துவிட்டது, மற்ற இரண்டும் அப்படியே நின்றுவிட்டன.

ஐந்தாவதில் நாலு சுவரையும் ஒரே துண்டாக, நார் மேலும் கீழுமாக ஓடும்படி வெட்டினேன். பட்டை அறுபடாமல் நாலு பக்கமும் சுற்றி வருகிறது, மடிப்பு நாரோடு போவதால் வெடிக்கவும் இல்லை. நார் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் ஓரத்தில் ஒரு துண்டு கிள்ளி ஒரு பக்கம் மட்டும் நனைத்துப் பாருங்கள், குழாய் மாதிரி சுருளும். குழாயின் நீளம்தான் நாரின் திசை. (கடைக்காரரிடம் கேட்டேன், "அட்டைக்கு ஏது சார் நாரு" என்றார். அடுத்த கட்டு வேறு கடையில்.)

கூண்டு வெறும் அலங்காரம் இல்லை. கார்டன் கட்டடத்தைச் சிலுவை வடிவில் போட்டு, சிலுவையின் உள்மூலைகளில் வாசல் வைத்து, நடுவில் படிக்கட்டுக் கூடத்தை எழுப்பினார். டெக்சஸ் வெயிலில் சூடான காற்று அந்த நடுக்கூடம் வழியாக மேலே ஏற, வாசல்கள் பக்கமிருந்து புதுக்காற்று உள்ளே வரும். மின்விசிறியை நம்பாத காலத்து யோசனை. அதனால் என் மாதிரியிலும் நடுவை அடைக்காமல் விட்டிருக்கிறேன், யாரும் பார்க்கப் போவதில்லை என்றாலும்.

வாசல் தூண்களின் தலையில் செதுக்கிய முகங்கள் உண்டு. சிற்பி ஒருவன் உள்ளூர்ப் பெண் மேல் ஆசைப்பட்டு முதலில் அவள் முகத்தை அழகாகச் செதுக்கினான், அவள் மறுக்க மறுக்க முகம் கோரமாகிக்கொண்டே போனது என்பது ஊர்க்கதை. எனக்கு அந்த முகம் ஒரு கடுகு அளவுகூட வராது, பென்சிலால் புள்ளி வைத்துத் தப்பித்துவிடலாம் என்று இருக்கிறேன்.

அடுத்தது டெக்சஸிலேயே டெகாட்டூர் என்ற ஊரில் இருக்கும் வைஸ் கவுண்டி நீதிமன்றம். அதே கார்டன், ஏறக்குறைய அதே உருவம், ஆனால் பெரும்பாலும் இளஞ்சிவப்பு கிரானைட். பட்டைத் தொல்லை குறைவு, அதற்காகவே எடுத்தேன். அட்டைகூட வாங்கியாயிற்று. எல்லிஸ் கூண்டில் இன்னும் நாலு கடிகார முகமும் ஒட்டவில்லை, கூரை காய்ந்துகொண்டிருக்கிறது.