வைர வளையலும் பாரை மீனும்

மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். பாம்பனில் ஆம்பளைகள் எல்லாம் வீட்டில்தான். ஹிட்ச்காக் 1944இல் எடுத்த 'லைஃப்போட்' படத்தைப் போட்டேன். கப்பல் மூழ்கித் தப்பியவர்கள் ஒரே படகில். படம் முழுக்க அந்தப் படகுதான்.

செத்த பிள்ளையை விடாத தாயைப் பார்த்ததும் சித்தி எழுந்து போய்விட்டார். அதே படகில் ஏறிக்கொண்ட எதிரி நாட்டு ஜெர்மன்காரன் தண்ணீரை ஒளித்து வைத்துக் குடித்ததில் சித்தப்பாவுக்கு வந்ததே கோபம்! "இவனையெல்லாம் எவன்டா படகுல ஏத்துவான்?" எனக்கும் அந்த இடம்தான் படத்தின் உச்சம்.

படத்தில் வரும் பத்திரிகை விளம்பரத்தில் இயக்குநர் ஹிட்ச்காக்கே தலைகாட்டுவதை யாரும் சட்டை செய்யவில்லை. வைர வளையலைத் தூண்டில் இரையாக்கியதும் ஒரே சிரிப்பு. "பளபளன்னா பாரை கடிக்கும்டி, நம்பலாம்" என்றார் சித்தப்பா. கப்பலைக் கண்டதும் கயிற்றைக் கோட்டைவிட்டார்களே, அதற்குத்தான் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்.