இரண்டு எர்த் கம்பிகள்

இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் ஒரு போல்ட்டைச் சுற்றியிருந்த பெயிண்டை மெக்கானிக் அண்ணன் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். அலுமினியம் பளிச்சென்று தெரியும்வரை விடவில்லை.

கோவை செட்டிபாளையத்தில் உள்ள ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ பந்தயத் தடத்துக்குத் தயாராகும் டர்போ கார். இன்ஜினை இயக்கும் கணினியான இசியு புதிது. அதனுடன் ஆடி ஆர்8 காரின் காயில்களை, அதாவது பிளக்கில் பொறி உண்டாக்க உயர் மின்னழுத்தம் தரும் பாகங்களைப் பொருத்துகிறார்கள்.

ஒவ்வொரு காயிலுக்கும் நான்கு கம்பிகள். ஒன்றில் 12 வோல்ட். இன்னொன்றில் இசியு அனுப்பும் சிக்னல். மற்ற இரண்டும் எர்த்.

எர்த்தானே என்று இரண்டையும் சேர்த்து முறுக்கிவிடக் கூடாது. ஒன்று சிக்னலுக்கானது. மற்றது நேராக ஹெட்டுக்குப் போக வேண்டும். பிளக்கில் பாய்ந்த மின்சாரம் அந்த வழியாகத்தான் காயிலுக்குத் திரும்புகிறது. வழி நீண்டாலோ துருப்பிடித்தாலோ சென்சார் அளவுகள் தடுமாறும்.

பிறகு லேப்டாப்பில் இசியுவின் அமைப்பு. சிக்னல் இறங்கும் கணத்தில்தான் பொறி பிறக்க வேண்டும். அமைப்பைத் தலைகீழாக வைத்தால் காயில் ஓயாமல் மின்சாரம் இழுத்துக் கருகிவிடும்.

காயில் மாற்றினாலே குதிரைத்திறன் கூடும் என்கிறார்கள். அப்படிக் கூடிவிடாது. டர்போ அழுத்திய காற்றிலும் பொறி அணையாமல் இருக்கத்தான் இந்தச் செலவு.

டர்போ இல்லையா, பழைய காயில் நன்றாக இருக்கிறதா? அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள்.