சங்குவுக்குப் "போதும்" என்ற சொல்லைப் பழக்கியது

எங்கள் வீட்டில் வளரும் ராஜபாளையம் நாய்க்கு, அதன் வெண்மையைப் பார்த்துச் சங்கு என்று அம்மா பெயர் வைத்தார். அதற்குப் பதினான்கு மாதம் ஆகியிருந்தபோது ஒரு நாள், கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் தம்பி வழக்கம்போல் வாசல் கதவைத் திறந்து உள்ளே கால் வைத்த நேரத்தில், கொல்லைப்புறத்தில் கட்டியிருந்த சங்கிலியின் கொக்கி விட்டுப்போய், சங்கு பாய்ந்து வந்து அவருடைய கணுக்காலுக்கு மேல் கவ்விவிட்டது. கால்சட்டை கிழிந்து இரண்டு இடங்களில் பல் பதிந்திருந்தது. குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினோம். சங்குவுக்குத் தடுப்பூசி தவறாமல் போட்டிருந்தபோதிலும் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வெறிநாய்க்கடி ஊசியைத் தொடங்கி, 28-ஆம் நாள் கடைசி ஊசி வரை நானே உடன் சென்றேன். மருத்துவமனை வரிசையில் அவர் பக்கத்தில் அமர்ந்திருந்தபோதுதான், சங்குவை வளர்த்த முறையை முதலிலிருந்து எண்ணிப் பார்த்தேன்.

காவல் நாய் வளர்ப்பதற்கென்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. குட்டியை வெளியாள் கண்ணில் காட்டக் கூடாது, வீட்டில் ஒருவர் மட்டுமே சோறு வைக்க வேண்டும், பகலில் கட்டிப்போட்டு இரவில் அவிழ்த்துவிட வேண்டும், அப்போதுதான் நாய்க்கு ரோஷம் ஏறும் என்பார்கள். நாற்பது வருடமாக நாய் வைத்திருக்கும் என் மாமா சொன்னார் என்பதற்காக, நாற்பத்தைந்து நாள் குட்டியாக வந்த சங்குவை நானும் அப்படியே வளர்த்தேன். குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டு, பதினான்காம் வாரம் வரையுள்ள காலத்தில்தான், எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்பதை அது மனத்தில் பதித்துக்கொள்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகியோர் ஐந்து இன நாய்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து 1965-இல் வெளியிட்ட முடிவுகளில் இந்தப் பருவம் விரிவாகப் பேசப்படுகிறது. அதே ஆய்வகத்தில், பதினான்கு வாரம் வரை மனிதத் தொடர்பின்றி வளர்ந்த குட்டிகள் அதன்பின் மனிதர் அருகில் வரவே அஞ்சின. நாங்கள் ரோஷம் என்று நினைத்து ஏற்றியது பயத்தைத்தான். பயந்த நாய் முப்பது கிலோ எடையும் தோள் வரை எழுபது சென்டிமீட்டர் உயரமும் கொண்டதாக இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்தத் தம்பியின் காலில் பார்த்தேன்.

பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனம் இது. வாசலில் சத்தம் கேட்டால் எழுந்து நிற்க வேண்டும் என்று ராஜபாளையத்துக்கோ கோம்பைக்கோ யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுந்து நின்றபின் எப்போது அமைதியாக வேண்டும் என்பதை மட்டும் நாம்தான் சொல்லித்தர வேண்டும். இதை உணர்ந்தபின் மறுநாளே முதலிலிருந்து தொடங்கினேன்.

தொடங்கும் முன் ஒரு கால்நடை மருத்துவர் சங்குவின் காதைச் சோதிக்கச் சொன்னார். முழு வெள்ளை நிறத்தோடு பிறக்கும் நாய்களில் சில காது கேளாமல் பிறப்பதுண்டு, ராஜபாளையத்திலும் இந்தக் குறை இருக்கிறது. நாய் பார்க்காதபோது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்க வேண்டும். காற்றசைவோ தரையின் அதிர்வோ அதைத் தொடாத தூரத்தில் நிற்பது முக்கியம். சங்குவுக்குக் காது நன்றாகவே கேட்டது. ஆனால் சொல் பேச்சுக் கேட்காத நாய் என்று அடி வாங்கிக்கொண்டிருக்கும் எத்தனை வெள்ளைக் குட்டிகளுக்கு உண்மையில் காதே கேட்காமல் இருக்குமோ என்று நினைத்து அன்றிரவு முழுவதும் வருந்தினேன்.

"போதும்" என்ற சொல்லைப் பழக்கிய விதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். முன்பெல்லாம் சங்கு குரைத்தால் உள்ளே இருந்தபடியே "ஏய், சும்மா இரு" என்று கத்துவேன். நாயின் காதுக்கு அது நாமும் சேர்ந்து குரைப்பதாகவே கேட்கும். இப்போது அது மூன்று நான்கு முறை குரைக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன், ஏனென்றால் அது அதன் வேலை. பிறகு அமைதியாக நடந்து அதன் பக்கத்தில் போய் நின்று, அது பார்க்கும் திசையில் நானும் வாசலைப் பார்க்கிறேன். நான் பார்த்துவிட்டேன் என்பது அதற்குப் புரிய வேண்டும். அதன்பின் தாழ்ந்த குரலில் ஒரே ஒரு முறை "போதும்" என்று சொல்லி, வேகவைத்த ஈரல் துண்டை மூக்கருகே காட்டுவேன். மோந்து பார்க்கும்போது குரைக்க முடியாது, அந்த நொடியின் மௌனத்துக்குத்தான் துண்டைக் கொடுக்க வேண்டும். பின்னர் திண்ணையில் விரித்திருக்கும் சாக்கு வரை கூட நடந்து, அது படுத்ததும் இன்னொரு துண்டு. முதல் பதினைந்து நாட்கள் உண்மையான ஆட்களை வைத்து இதைச் செய்யவில்லை. என் தம்பி தெருவிலிருந்து கதவை மெல்லத் தட்டுவான், அவ்வளவுதான். பிறகு சற்று உரக்கத் தட்டினான், பிறகு பக்கத்து வீட்டு அண்ணன், அதற்குப் பின் தலைக்கவசம் அணிந்த ஒருவர். நாய் தவறினால் முந்தைய படிக்குத் திரும்பினோம். மூன்று மாதம் ஆயிற்று.

இடையில், சங்கு ஐந்து மாதத்தில் கற்றிருந்ததை எட்டாம் மாதத்தில் மறந்துபோனது ஏன் என்பதற்கும் விடை கிடைத்தது. வழிகாட்டி நாய்களாகப் பழக்கப்படும் குட்டிகளை வைத்து 2020-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வின்படி, அவை ஐந்தாம் மாதத்தைவிட எட்டாம் மாதத்தில் வளர்ப்பவரின் சொல்லுக்குக் குறைவாகவே பணிந்தன. வேற்றாள் அதே சொல்லைச் சொன்னபோது இந்தக் குறைவு தென்படவில்லை. வளரிளம் பருவத்துப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இது வியப்பளிக்காது. பெரிய நாய்களை வேண்டாம் என்று தெருவில் விட்டுவிடுவது பெரும்பாலும் இந்த வயதில்தான் நடக்கிறது என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. இன்னும் சில மாதம் பொறுத்திருந்தால் அந்தப் பருவம் கடந்துபோயிருக்கும்.

கடித்த சம்பவத்துக்குப் பின் ஒரு பயிற்சியாளரையும் அழைத்திருந்தோம். அவர் முள் பதித்த கழுத்துப்பட்டையுடன் வந்து, நாயை மல்லாக்கத் தள்ளி அமுக்கிப் பிடித்தால்தான் நாம் தலைவர் என்பது அதற்குத் தெரியும் என்றார். இந்த எண்ணம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர மிருகக்காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பற்றி ருடால்ஃப் ஷென்கல் 1947-இல் எழுதிய ஆய்விலிருந்து பரவியது. காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் அடங்கிய ஒரு குடும்பம், அதில் தலைமைக்கான சண்டை மிக அரிது என்று டேவிட் மீச் 1999-இல் விளக்கினார். 1970-இல் அதே தலைமைக் கருத்தை உலகுக்குப் பரப்பியவர்களில் அவரும் ஒருவர் என்பதால் அவருடைய திருத்தத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். அந்தப் பயிற்சியாளர் சங்கு உறுமியதற்கு ஓங்கி அடித்தார். உறுமல் என்பது "இதற்கு மேல் வராதே" என்று நாய் தரும் எச்சரிக்கை, அதை அடித்து அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். அவரை அன்றே அனுப்பிவிட்டேன்.

துரத்தும் குணத்தைப் பொறுத்தவரை என் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டேன். கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கும் இனங்கள் ஓடத் தொடங்கியபின் காது அடைத்துக்கொள்ளும். பத்து மீட்டர் கயிற்றில்தான் தரிசு நிலத்துக்கு அழைத்துப் போகிறேன், ஆட்டுக்கிடை கண்ணில் படும் முன்பே "வா" என்று அழைக்கிறேன், திரும்பி வந்தால் அந்த நாளின் மிகச் சிறந்த தீனியைக் கொடுக்கிறேன். வந்த நாயைத் திட்டியதே இல்லை, அரை மணி நேரம் தாமதித்து வந்தாலும்கூட. கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை, அடுத்தவர் ஆட்டின் உயிரைப் பணயம் வைத்து என் நம்பிக்கையைச் சோதிக்க எனக்கு உரிமையில்லை.

உணவு வைப்பதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஓட்டம் கிடையாது, ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. நடை அதிகாலையில் மட்டும்.

வாய்மூடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 மே மாதத்தில் சென்னைப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய செய்தியைப் படித்தபோது என் கை நடுங்கியது. பெரிய நாயைப் பொது இடத்துக்குக் கொண்டுபோகிறவருக்கு, நாயின் நல்ல குணத்தைப் பற்றிய தன் நம்பிக்கை போதுமானதன்று. கூடை போன்ற வாய்மூடியில் நாய் வாயைத் திறந்து இளைக்கலாம், தண்ணீரும் குடிக்கலாம். துணியால் இறுக்கிக் கட்டுவது நம் வெயிலில் உயிருக்கே ஆபத்தானது. கூடைக்குள் தயிர் தடவி, சங்கு தானாக மூக்கை நுழைக்கும் வரை பத்து நாள் பொறுத்திருந்தேன், அதன்பிறகே வாரை மாட்டினேன். இப்போது வாய்மூடியை எடுத்தாலே நடைக்குப் போகிறோம் என்று வாலை ஆட்டுகிறது.

சிலிண்டர் தம்பி இன்றும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். வருவதற்கு முன் தொலைபேசியில் அழைப்பார், நான் சங்குவைப் பின்னறையில் விட்டுத் தாழிட்டபின்தான் வாசலைத் திறப்பேன். நாய் திருந்திவிட்டது, தொட்டுப் பாருங்கள் என்று அவரிடம் நான் ஒருபோதும் கேட்டதில்லை. பின்னறையில் அது இரண்டு முறை குரைக்கும், "போதும்" என்றதும் நின்றுவிடும்.

கோடை விடுமுறைக்கு அக்கா தன் ஏழு மாதக் குழந்தையோடு வருகிறார். அதற்காக இப்போதே, குழந்தை அழும் ஒலியைக் கைப்பேசியில் மிகக் குறைந்த அளவில் வைத்து, சங்கு சாக்கில் படுத்தபடியே ஈரல் தின்னப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒலியை ஒரு படி கூட்டியபோது காதை நிமிர்த்தி என்னைப் பார்த்தது, பிறகு தலையைச் சாக்கில் வைத்துக்கொண்டது.